எங்கள் வளாகத்து டைவர்ஷன்

எங்கள் வளாகத்தில் அந்த மூன்று ஆண்டுகள் படித்தவர்களில் ஒருவர்கூட வகுப்புக்கு நேராக நடந்து போனதில்லை. மாணவர்கள் மட்டுமல்ல. பேராசிரியர்கள், தபால்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், ஒருமுறை ஆய்வுக்கு வந்த பதிவாளர், இரண்டு முறை வழிதவறி உள்ளே வந்த எருமை என்று யாருமே போனதில்லை. எல்லோரையும் சுற்றிப் போக வைத்தவர் ஒரே ஒரு மனிதர். அவர் பெயர் டைவர்ஷன்.

வீட்டில் வைத்த பெயர் வேறு. கட்டட ஒப்பந்தக்காரர் கொடுத்த ஆட்கள் பட்டியலில் பதினேழாவது வரியில் அது இருந்தது. அந்தப் பட்டியலைக் கோப்பில் வைத்தவன் நான்தான். ஆனால் அதை இங்கே எழுதினால் ஆரணியில் யாருக்கும் ஆள் அடையாளம் தெரியாது. அவர் மனைவியே ஒரு நாள் கேட்டுக்கு வந்து, "டைவர்ஷன் உள்ள கீறாரா?" என்றுதான் விசாரித்தார்.

நான் அங்கே அலுவலகக் கண்காணிப்பாளர். பல்கலைக்கழகம் எங்கள் பழைய கட்டடங்களை ஒவ்வொன்றாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட முடிவு செய்தபோது, மாணவர்களை எங்கே அனுப்புவது என்று நாங்கள் கடிதம் எழுதிக் கேட்டோம். எங்கேயும் அனுப்ப வேண்டாம், அவர்கள் பாட்டுக்குப் படிக்கட்டும், கட்டுகிறவர்கள் பாட்டுக்குக் கட்டுவார்கள் என்ற பொருளில் பதில் வந்தது. எந்த வகுப்பு எந்த நாளில் எந்த இடத்தில் நடந்தது, எந்த வேலை யார் அனுமதியோடு எத்தனை மணிக்கு நடந்தது என்று தினமும் ஒரு பதிவேடு எழுத வேண்டும் என்றும் அதில் இருந்தது. அந்த வேலை எனக்கு வந்தது. கீழே வரும் நேரங்கள் அந்தப் பதிவேட்டில் இருப்பவை. பேச்சுகள் என் சொந்த நாட்குறிப்பில் இருப்பவை.

முதல் மாதப் பக்கங்களைப் புரட்டினால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. வேதியியல் வகுப்பு சைக்கிள் ஷெட்டில். வணிகவியல் கலையரங்க மேடையில். மேடைக்குக் கீழே அதே நேரத்தில் பொருளாதாரம். அதனால் அந்த ஆண்டு பொருளாதார மாணவர்கள் ஐந்தொகைக் கணக்கும் நன்றாகப் போட்டார்கள். தமிழ்த் துறை நூலகப் படிக்கட்டில், படிக்கு இரண்டு பேர், பேராசிரியர் திருப்பத்தில். என் அலுவலகத்தைப் பழைய கேன்டீனுக்கு மாற்றினார்கள். பில் போடும் ஜன்னலுக்குப் பின்னால் என் மேசை. ஆறு வாரம் வரை தலைகள் அந்த ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ரெண்டு வடை" என்று கேட்டுக்கொண்டே இருந்தன. கணக்கில் மூழ்கியிருந்த ஒரு நாள் நானும் நிமிராமல், "முடிஞ்சிடுச்சு, பஜ்ஜிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். கேட்டவர் இயற்பியல் துறைத் தலைவர்.

இந்த நிலையில்தான் டைவர்ஷன் வந்து சேர்ந்தார். அதற்கு முன் வேலூர் சாலையை அகலப்படுத்தியபோது கண்ணமங்கலத்துக்கு அப்பால் இரண்டு ஆண்டுகள் கொடி பிடித்து நின்றவர். பேருந்துகளையும் கரும்பு லாரிகளையும் நிறுத்தி அனுப்பிய அதே முறையில், எந்தக் குறையும் இல்லாமல், பி.எஸ்சி. மாணவர்களை நிறுத்தி அனுப்பத் தொடங்கினார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், வளையாத முதுகு. மினுமினுக்கும் பட்டைகள் வைத்த ஆரஞ்சு நிறக் கையில்லாச் சட்டை, வலது கையில் சிவப்புக் கொடி, இடது கையில் பச்சைக் கொடி, வாயில் விசில். பேசும்போதும் விசிலை எடுக்க மாட்டார். அதனால் அவருடைய ஒவ்வொரு வாக்கியமும் ஒரு சின்ன விசிலோடுதான் ஆரம்பிக்கும்.

வந்த முதல் நாள், காலை 9.05. கல்லூரி முதல்வர் அம்மாவின் கார் முன்னால் சிவப்புக் கொடி இறங்கியது.

"எங்க போவணும்?"

"நான் பிரின்சிபால்."

"அத்த கேக்கலம்மா. எங்க போவணும்னு கேட்டேன்."

"என் ரூமுக்குப்பா. புது ரூமுக்கு."

"புது ரூமுக்குப் பழைய ரூம் வழியாத்தான் போவணும். பழைய ரூம் இன்னிக்கு இல்ல. காரை இங்க உட்டுட்டு, லெஃப்ட்ல போயி, லேபு பின்னாடி திரும்பி, தண்ணித் தொட்டிய சுத்திக்கினு வாங்க."

முதல்வர் அம்மா கோபிக்கிறவர்தான். அன்று என்னவோ இறங்கி நடந்தார். இருபது நிமிடம் கழித்து என் ஜன்னலுக்கு வந்தார். "பதினோரு வருஷமா இங்க இருக்கேன். லேபுக்குப் பின்னாடி ஒரு கிணறு இருக்குதுன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார். வடை கேட்கவில்லை.

வழியில் யாருக்கு முன்னுரிமை என்பதற்கு டைவர்ஷனிடம் ஒரு சட்டம் இருந்தது. முதலில் பரீட்சைக்குப் போகிறவர்கள். அடுத்து கழிவறைக்குப் போகிறவர்கள். அப்புறம் லேபுக்குப் போகிறவர்கள், ஏனென்றால் அவர்கள் கையில் கண்ணாடிச் சாமான் இருக்கும். ஜல்லி ஏற்றிய டிராக்டர் நான்காவது. ஆசிரியர்கள் கடைசி. கணிதப் பேராசிரியர் ஒருவர் டிராக்டருக்குப் பின்னால் நிறுத்தப்பட்டதும் நியாயம் கேட்டார்.

"வாத்தியார் லேட்டா போனா பசங்க சந்தோஷப்படுவாங்க சார்" என்றார் டைவர்ஷன். "பசங்க லேட்டா போனா வாத்தியார் பேஜார் ஆவாரு. எது தேவலை, நீங்களே சொல்லுங்க."

கணிதப் பேராசிரியர் அதில் பிழை தேட ஆரம்பித்தார். அதற்குள் பச்சைக் கொடி விழுந்துவிட்டது.

அந்த ஆரஞ்சுச் சட்டையை அவர் கழற்றியதாகப் பதிவு இல்லை. எங்கள் அலுவலக உதவியாளர் மகள் திருமணத்துக்குப் பட்டு வேட்டி கட்டி, மேலே அதையே போட்டுக்கொண்டு வந்தார். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நெரிசல். வாயிலிருந்த விசில் அலறியது. பத்தே நிமிடத்தில் முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது, இரண்டாம் பந்தி வரிசையில் நின்றது, கைகழுவப் போகிறவர்களுக்குத் தனி வழி பிறந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் சமையற்கட்டு வழியாகத் திருப்பிவிடப்பட்டு, மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மூன்றாம் பந்திக்கு வந்து சேர்ந்தார். இலையில் உட்கார்ந்ததும் அவர் முதலில் கேட்டது, "யாருய்யா அந்த இன்ஸ்பெக்டர்?"

இனி நூல் விஷயத்துக்கு வருகிறேன். இது தெரியாமல் பின்னால் நடந்தது புரியாது.

பள்ளம் தோண்டிய இடங்களைச் சுற்றி ஒப்பந்தக்காரர்கள் மஞ்சள் பிளாஸ்டிக் நாடா கட்டினார்கள். நாடாவை யாரும் மதிக்கவில்லை. மாணவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு குனிந்து போனார்கள். பிறந்தநாள் கொண்டாடியவர்கள் வெட்டி எடுத்துப் போனார்கள். ஆடுகள் மீதியைத் தின்றன. நான்காம் நாள் டைவர்ஷன் ஒரு சாக்கு நிறையக் கழிவு நூல் கொண்டு வந்தார். அவர் வீடு இருப்பது நெசவுத் தெருவில். மனைவி, மைத்துனர் எல்லோரும் பட்டுத்தறிக்காரர்கள். இரண்டு பக்கமும் கழி நட்டு, அந்த நூலை இழை இழையாக, இடுப்பு உயரத்தில், ஒரு முழ அகலத்துக்கு இழுத்துக் கட்டினார். அவ்வளவுதான். ஆரணி மாணவர்கள் அதன் முன்னால் நின்றார்கள். திரும்பிச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

காரணம் எளிது. எங்கள் ஊர் நெசவுத் தெருக்களில் காலை வேளையில் பாவு நீட்டுவார்கள். சேலையின் நீளவாட்டு இழைகள் அத்தனையும் தெரு நடுவில் கழிகளின் மேல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தெளித்து, காயவிட்டு, சுருட்டி எடுக்கும்வரை அந்தத் தெரு பாவுக்குச் சொந்தம். சைக்கிளில் வருகிறவர் இறங்கிக்கொள்வார். பைக்கில் வருகிறவர் ஹாரன்கூட அடிக்காமல் அடுத்த தெருவுக்குத் திருப்பிவிடுவார். யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. இங்கே பிறந்தவர்களின் காலுக்கு அது தெரியும். டைவர்ஷனுக்கும் கொடி பிடிக்கிற தொழில் அங்கேதான் ஆரம்பமாகியிருக்க வேண்டும்.

வெளியூர் மாணவர்களின் காலுக்கு அது தெரியவில்லை. படவேட்டிலிருந்து தினமும் பேருந்தில் வரும் ரேவதி, கணிதம் மூன்றாம் ஆண்டு, முதல் நாளே நூலைத் தூக்கிக்கொண்டு குனிந்தாள். விசில் அலறியது.

"ஏம்மா, கண்ணு தெரியல?"

"தெரியுது. நூலு."

"நூலா? பாவும்மா அது!"

"பாவுன்னா தறியில இருக்கணும். இது வெறும் கழிவு நூலுண்ணே. நானும் பட்டுப் பொடவை பாத்திருக்கேன்."

"வாய் நல்லா பேசுற. அந்தாண்ட பத்தடி பள்ளம் கீது. உளுந்தா உன் வாயை மட்டும் எடுத்துக்கினு ஊருக்குப் போவியா?"

"சுத்திப் போனா அஞ்சு நிமிஷம் லேட்டாவும். எங்க சார் உள்ள உட மாட்டாரு."

"உங்க சாரை டிராக்டர் பின்னாடி நிறுத்தி வெச்சிருக்கேன். நீ மொள்ளமாவே போ."

அதன் பிறகு தினமும் காலை 8.50க்கு இவர்கள் இருவருக்கும் ஒரு சண்டை நடக்கும். என் ஜன்னலுக்கு நன்றாகக் கேட்கும். இரண்டு மாதம் கழித்து, செய்யாரிலிருந்து புதிதாகச் சேர்ந்த மாணவன் ஒருவன் நூலைத் தூக்கியபோது, "ஏய், பாவு! கண்ணு தெரியல?" என்று ஒரு குரல் கேட்டது. டைவர்ஷன் குரல் இல்லை. ரேவதி குரல்.

இப்படியே போயிருந்தால் இது வெறும் வேடிக்கைக் கதையாக முடிந்திருக்கும். மாதிரித் தேர்வு அன்றுதான் சிக்கல் வந்தது. வளாகத்தில் இடிக்காமல் மிச்சமிருந்த பெரிய கூடம் ஒன்றே ஒன்று, தேர்வு அதில்தான். அதற்குப் பத்தடி தள்ளி மூன்று மாடிப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. தேர்வு நடக்கும்போதே கான்கிரீட்டை உடைக்கும் இயந்திரத்தை ஓட்டினார்கள். ஏழாம் கேள்வியில் ஒரு திருத்தம் என்று தேர்வறைக் கண்காணிப்பாளர் கத்தினார். முன்வரிசை திருத்தியது. பின்வரிசைக்கு எட்டாம் கேள்வியை விட்டுவிடச் சொன்னதாகக் கேட்டது. புகார் பல்கலைக்கழகத்துக்குப் போனது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது: இறுதித் தேர்வின்போது இதே போல இரைச்சல் இருப்பதாகப் பறக்கும் படை அறிக்கை கொடுத்தால், மீதமுள்ள எல்லாத் தாள்களுக்கும் தேர்வு மையம் வேலூருக்கு மாற்றப்படும்.

அந்தக் கடிதத்தை அறிவிப்புப் பலகையில் நான் ஒட்டிக்கொண்டிருந்தபோது ரேவதி பின்னால் நின்று படித்தாள். டைவர்ஷன் பச்சைக் கொடியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு வந்தார்.

"இன்னா எழுதியிருக்குது?"

சொன்னேன். அவர் ரேவதியைப் பார்த்தார்.

"படவேட்டுலருந்து உன் மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

"ஆறே முக்காலுக்கு. இங்க வர எட்டேகால் ஆவும்."

"கண்ணமங்கலத்துல எறங்கி வேலூர் பஸ் புடி."

"அது கண்ணமங்கலம் போவாதுண்ணே. நேரா ஆரணி."

"இங்க வந்து வேலூர் பஸ் புடிச்சா?"

"பத்து மணிக்கு மேல ஆயிடும். பரீட்சை ஒம்பதரைக்கு."

"வேலூர்ல யாரு வூட்லயாச்சும் தங்கிக்கினு..."

"அங்க யாரும் இல்ல. எங்கப்பா தங்கவும் உட மாட்டாரு."

டைவர்ஷன் என்னிடம் ஒரு காகிதம் வாங்கி, என் ஜன்னல் விளிம்பில் வைத்துக் கோடு போட ஆரம்பித்தார். படவேடு, கண்ணமங்கலம், ஆரணி, வேலூர். பால் வண்டி, செய்யார் கம்பெனி பஸ், சந்தைக்குப் போகும் மினி லாரி என்று அவருக்குத் தெரியாத போக்குவரத்து இல்லை. கோட்டை அழித்தார், போட்டார், அழித்தார். இருபது நிமிடம் கழித்துக் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"எதுக்கும் ஒரு சுத்து வழி இருக்கும் சார். இதுக்கு இல்ல" என்றார். "பரீட்சை இங்கதான் நடக்கணும்."

ரேவதியைப் போல ஜவ்வாது மலை ஓரத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் வகுப்புக்கு நாலைந்து பேராவது இருந்தார்கள். கடைசிப் பருவத் தேர்வு. எழுதவில்லை என்றால் ஒரு வருடம் போய்விடும். ஒரு வருடம் போனால் திரும்பி வருவார்களா என்பது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல.

தேர்வு வியாழக்கிழமை தொடக்கம். செவ்வாய்க்கிழமை மாலை 3.30க்கு சைட் இன்ஜினியர் முதல்வர் அறைக்கு வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன், மிகவும் மரியாதையானவர்.

"மேடம், வியாழக்கிழமை காலையில மூணாவது மாடிக்குக் கான்கிரீட் போடறோமுங்க."

"அன்னைக்குப் பரீட்சைன்னு உங்களுக்கு மூணு லெட்டர் குடுத்திருக்கேன்."

"தெரியுமுங்க. மழையில பத்து நாள் போயிருச்சு, மேலிடத்துல கேக்க மாட்டீங்கறாங்க. லாரியும் சொல்லியாச்சுங்க."

"ஒரு மணிக்கு மேல ஆரம்பிங்க."

"ராத்திரி ஆயிருமுங்க. ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தவும் முடியாதுங்க."

கட்டுமானப் பகுதி வேலை முடியும்வரை ஒப்பந்தக்காரர் வசம். முதல்வர் அம்மா இரண்டு நாளும் தொலைபேசியில் யார் யாரையோ பிடித்தார். எல்லோரும் வருத்தம் தெரிவித்தார்கள். லாரி வரும் பாதையைத் தெரிந்துகொள்ள, செவ்வாய்க்கிழமை அந்தப் பேச்சு நடந்தபோது டைவர்ஷனும் கதவருகில் நின்றிருந்தார். இன்ஜினியரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"லாரிங்க எந்தப் பக்கம் வருது சார்?"

"மேற்குச் சந்து வழியாத்தானுங்க. முன் கேட்டுல பரீட்சைப் பிள்ளைங்க வருவாங்களே. வேற வழி இல்லீங்களே."

"வேற வழி இல்ல. சரி" என்றார் டைவர்ஷன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாயில் விசில் இருந்தால் யார் முகத்திலும் ஒன்றும் தெரியாது.

வியாழக்கிழமை காலை 7.50க்கு நான் வந்தேன். மேற்குச் சந்து எங்கள் மதிலுக்கு வெளியே, வளாகத்துக்குச் சொந்தமான நீளமான பாதை. அதன் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பாவு நீட்டியிருந்தார்கள். ஒன்று இரண்டல்ல, ஐந்து. மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூ, கிளிப்பச்சை, இன்னும் இரண்டு நிறம். கழிவு நூல் இல்லை, அசல் பட்டு. இருபுறமும் ஆண்களும் பெண்களும் குனிந்து இழை முடிந்துகொண்டிருந்தார்கள். சந்தின் வாயில் சிவப்புக் கொடியோடு டைவர்ஷன்.

"இது என்ன?" என்றேன்.

"பாவு சார்."

"அது தெரியுது. இங்க எதுக்கு?"

"எங்க தெருவுல எட்டு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளுனு வந்துடுது. இங்க பாருங்க, உங்க புது கட்டடம் இன்னா நெழல் குடுக்குது! மூணு மாடி நெழல். பன்னண்டு மணி வரிக்கும் நகராது. கவர்மெண்டு நெழல் சும்மா போவுதேன்னு எங்க தெருக்காரங்கள வரச் சொன்னேன்."

9.10க்கு முதல் கான்கிரீட் லாரி வந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு. செய்யார்ப் பக்கம் கலந்து, முதுகில் உருளையைச் சுற்றிக்கொண்டே வருகிற லாரிகள். முதல் லாரி ஓட்டுநர் சந்துக்குள் பார்த்தார். ஆரணிக்காரர். கைபிரேக் போட்டார். இன்ஜினியர் ஓடி வந்தார்.

"ஏனுங்க நிறுத்திட்டீங்க?"

"பாவு சார்."

"நூல்தானுங்களே? ரெண்டு பேரு தூக்கிப் புடிச்சா ஓரமாப் போயிரலாமல்லங்க?"

அதற்கு ஓட்டுநர் அவரைப் பார்த்த பார்வையை என் நாட்குறிப்பில் 'எழுத முடியாதது' என்று குறித்திருக்கிறேன்.

"சார், அந்தக் கத்திரிப்பூ கலரு என் மச்சான் வூட்டுப் பாவு. இதும்மேல வண்டிய உட்டுட்டு நான் சாயங்காலம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வூட்டுக்குப் போறது?"

இன்ஜினியர் டைவர்ஷன் பக்கம் திரும்பினார். "நீங்க நம்ம ஆளு தானுங்களே? ஒரு டைவர்ஷன் குடுங்க!"

"குடுக்கறேன் சார். ரைட்ல எடுத்து, மார்க்கெட்டைச் சுத்தி, முன் கேட்டு."

"முன் கேட்டுல பரீட்சைப் பிள்ளைங்க!"

"ஆமா. அங்க நோ என்ட்ரி."

"அப்பறம் எதுக்குங்க அந்த வழியச் சொன்னீங்க?"

"நீங்க கேட்டீங்க, குடுத்தேன்."

இன்ஜினியர் அடுத்ததாக, கிளிப்பச்சைப் பாவில் இழை முடிந்துகொண்டிருந்த அம்மாளிடம் போய், எப்போது முடியும் என்று கும்பிட்டுக் கேட்டார். அந்த அம்மாள் தலை நிமிரவில்லை. "அறுந்துகினே கீது கண்ணு. நீ நின்னுகினு பேச்சுக் குடுத்தா இன்னும் லேட்டாவும்" என்றார். இன்ஜினியர் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். மரியாதையானவர் என்று முன்பே சொன்னேன்.

9.30க்குத் தேர்வு தொடங்கியது. 10.20க்குப் பறக்கும் படை வந்தது, மூன்று பேர். கூடத்தில் மின்விசிறிச் சத்தமும் காகிதம் திருப்புகிற சத்தமும் மட்டும் கேட்டன. அவர்களில் ஒருவர் ஜன்னல் வழியாகக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும் கட்டடத்தைப் பார்த்து, "இங்க வேலை நடக்குதா, நின்னு போச்சா?" என்று கேட்டார்.

"நடக்குது" என்றார் முதல்வர் அம்மா. "இன்னைக்கு வேற வேலை."

கான்கிரீட் காத்திருக்காது. உருளைக்குள்ளேயே இறுக ஆரம்பித்துவிடும். 10.55க்கு மூன்று லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்வாங்கித் திரும்பிப் போயின. டைவர்ஷன் பச்சைக் கொடி காட்டி, போக்குவரத்தைச் சரிசெய்து, முறைப்படி அனுப்பி வைத்தார். கடைசிப் பாவை 12.10க்குச் சுருட்டினார்கள். 12.30க்குத் தேர்வு முடிந்தது. ரேவதி வெளியே வந்ததும் நேராக அவரிடம் போனாள்.

"இன்னாண்ணே, இன்னிக்கு ஒரு சத்தத்தையும் காணோம்?"

"இப்பதான் ஒண்ணு ஆரம்பிக்குது. போம்மா, போயி அடுத்த பேப்பருக்குப் படி."

பகல் 3 மணிக்கு ஒப்பந்தக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. மேற்குச் சந்தில் பாவு நீட்ட அனுமதி கொடுத்தது யார்? தங்கள் ஊழியர் எவராவது தாமாக அழைத்து வந்திருந்தால், அவர் இன்று மாலையோடு நீக்கப்படுவார். பதிவேட்டைப் பார்த்து எழுத்து மூலம் பதில் வேண்டும். முதல்வர் அம்மா படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"பதிவேட்டுல என்ன இருக்கோ, அதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்க" என்றார். சொல்லிவிட்டு, பதிவேட்டைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

அனுமதி அளித்தவர் என்ற கட்டத்தை நான் காலையிலிருந்து நிரப்பாமல் வைத்திருந்தேன். சந்து எங்கள் இடம்; அனுமதி கொடுக்கும் அதிகாரம் எங்கள் அலுவலகத்துக்கு உண்டு. பேனாவை எடுத்து எழுதினேன்: 'முன்தினம் மாலை 4.40க்கு அலுவலகத்தால் வாய்மொழியாக அனுமதி அளிக்கப்பட்டது.' அதற்கு நகல் எடுத்து, முத்திரை வைத்து, அனுப்பினேன். ஒப்பந்தக்காரர் யாரையும் நீக்கவில்லை. கான்கிரீட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள்.

4.30க்கு என் ஜன்னலில் டைவர்ஷன் முகம் தெரிந்தது. விசில் வாயில் இல்லை. அப்படி அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நல்ல கோபத்தில் இருந்தார்.

"இன்னா சார் இது? நேத்து நாலு நாப்பதுக்கு ஆபீஸ்ல அனுமதி குடுத்தீங்களாமே?"

"ரிஜிஸ்டர்ல அப்படித்தான் இருக்கு."

"நாலு நாப்பதுக்கு நீங்க கேட்டாண்ட வந்து டீக்கடைக்கு எந்தப் பக்கம்னு கேட்டீங்க. நான் லெஃப்ட்னு சொன்னேன். அத்தோட முடிஞ்சிது நம்ம பேச்சு."

"எழுதலன்னா இன்னைக்கு உங்க வேலை போயிருக்கும்."

"போவட்டுமே! எட்டு வூடு ஏறி எறங்கி, அஞ்சு வூட்டைச் சம்மதிக்க வெச்சவன் நானு. எங்க மச்சான் கால்ல மட்டும்தான் உளல. நாளைக்குத் தெருவுல இன்னா பேசுவாங்க? ஆபீஸ் கூப்டுச்சு, நம்ம போனோம்னு பேசுவாங்க. அப்ப நான் அங்க எதுக்கு? கழியோட ஒரு கழியா நின்னேனா?"

இந்தக் கோணத்தை நான் யோசித்திருக்கவில்லை. அவருடைய வேலையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவர் செய்த வேலையை அலுவலகத்தின் பெயரில் எழுதிவிட்டேன். சங்கடமாக இருந்தது.

"அடிச்சிட்டு என் பேரை எழுதுங்க" என்றார்.

"பதிவேட்டுல அடிக்கக் கூடாது. அது விதி."

விதி என்ற சொல்லுக்கு அவரிடம் எப்போதும் மரியாதை உண்டு. விசிலை எடுத்து, சட்டையில் துடைத்து, வாயில் வைத்துக்கொண்டார்.

"ரூல்னா சரி. அடுத்த பேப்பரு எப்போ?"

"சனிக்கிழமை, ஒன்பதரை."

"லாரி எதுனா வர்றாப்பல இருந்தா மொதல்ல எனக்குச் சொல்லுங்க. ஆபீஸ் பாத்துக்கும்னு உக்காந்துடாதீங்க."

எல்லாத் தாள்களும் எங்கள் கூடத்திலேயே நடந்தன. ரேவதி எல்லாவற்றையும் எழுதினாள். கட்டடம் முடிந்ததும் டைவர்ஷனை வேறு ஏதோ பாலம் கட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பதிவேடு இப்போது புது அலுவலக அலமாரியில் இருக்கிறது. நான் அலுவலகப் பதிவேடு எழுத ஆரம்பித்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன; நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதியது அந்த ஒரு வரிதான். சென்ற வாரம் எடுத்துப் பார்த்தேன். அந்தப் பதிவேடு முழுவதிலும் என் கையெழுத்து மிக அழகாக இருப்பது அங்கேதான்.